மங்கோலிய நகரமும் கணிப்பொறியும்

இலக்கண வகுப்பில் எழுத்தினை ஒலிவடிவு என்றும் வரிவடிவு என்றும் இரண்டாகப் பகுத்துக் கற்கின்றோம். ‘ஒலி இன்னது, வரி இன்னது என்பது சிறுவரும் அறிந்ததன்றோ? அதனை இத்துணை அழுத்திக் கூறுவானேன்?’ என்று எம்முடன் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டில் வினவினார். அன்று எமக்குத் தக்க விடை தோன்றவில்லை. பின்னர் மங்கோலியரது பழைய எழுத்தைக் கணிப்பொறியில் ஏற்றிய வரலாற்றைப் படிக்க நேர்ந்தபொழுது, அப்பாகுபாட்டை மறந்தால் ஒரு நாட்டார்க்கு எத்துணை இடர் விளையும் என்பது புலனாயிற்று. அவ்வெழுத்துக்கள் எல்லாவற்றையும் பற்றி எழுதப்புகின் இம்மலர் இடங்கொள்ளாது. ஆதலின் நகரம் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பொறியினுள் எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கூறுவாம்.

முதற்கண் அவ்வெழுத்தின் பிறப்பை அறிதல் வேண்டும். 1204-ஆம் ஆண்டில் செங்கிஸ்கான் நைமானியரை வென்றபொழுது, அவர்தம் அரசனுக்கு முத்திரை காத்து நின்ற தாதாதுங்கா என்னும் உய்குர் இனத்தவர் சிறைப்பட்டார். அவரைக் கொண்டே தம் மக்கட்கு உய்குர் எழுத்தைக் கற்பிக்கச் செய்தான் செங்கிஸ்கான் என யுவான் அரச மரபின் வரலாறு கூறும். உய்குரர் அவ்வெழுத்தைச் சோக்திய வணிகரிடமிருந்து பெற்றனர். சோக்திய எழுத்தோ அரமேய எழுத்தின் வழித்தோன்றல். சீரிய எழுத்துக்கு நெருங்கிய உறவு. நம் ஆண்டவர் வழங்கிய மொழிக்குரிய எழுத்து, பாலையும் மலையும் கடந்து, கூடாரங்களில் வாழ்ந்த குதிரை வீரரிடம் சென்று சேர்ந்த செய்தி எமக்குப் பெருவியப்பை அளித்தது. மங்கோலியர் நூலுக்கு வழங்கும் ‘நொம்’ என்னும் பெயரும் இவ்வழியே சென்றதாம். அது கிரேக்கரின் ‘நோமோஸ்’ என்னுஞ் சொல்லே. புதிய ஏற்பாட்டின் மூலத்தில் நியாயப்பிரமாணம் எனப் பொருள்படும் அச்சொல், சோக்தியர் வாயிலாக மங்கோலியரை அடைந்து நூலுக்குப் பெயராயிற்று.

அரமேய மரபில் எழுத்துக்கள் வலமிருந்து இடமாகச் செல்வன. அவ்வேட்டினை இடப்புறமாகக் கால்வட்டம் திருப்பிப் பிடித்தால் வரிகள் மேலிருந்து கீழாக இறங்கும்; முதல் வரி இடக்கோடியிலும், அடுத்த வரி அதற்கு வலத்திலுமாக நிற்கும். மங்கோலிய எழுத்து இவ்வாறே நிற்கின்றது. சீனரும் மேலிருந்து கீழாக எழுதுவரேனும் அவர்தம் வரிகள் வலமிருந்து தொடங்குவன. இவ்வேற்றுமை சிறியதாகத் தோன்றினும் பொறிக்குப் பெருந்தொல்லை தருவது. அதனைப் பின்னர்க் காண்பாம்.

ஒரு சொல்லின் எழுத்துக்கள் யாவும் நடுவே இறங்கும் ஒரு நெடுங்கோட்டைப் பற்றிக்கொண்டு நிற்கும். அக்கோட்டுக்கு முதுகெலும்பு என்பது அவர்கள் இட்ட பெயர். அதிலிருந்து இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூருக்குப் பல் என்றும், வட்டமாகப் புடைத்திருப்பதற்கு வயிறு என்றும், சொல்லின் முடிவில் நீள்வதற்கு வால் என்றும், தலைப்பில் அமைவதற்கு முடி என்றும் பெயர். ஓர் எழுத்துக்கு ஒரு வடிவு என்பது இங்கில்லை. சொல்லின் முதலில் ஒன்று, இடையில் ஒன்று, கடையில் ஒன்று என வடிவு மாறிக்கொண்டே இருக்கும். அரபு எழுத்தைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று.

இனி நகரத்திற்கு வருவாம். அது சொல்லின் இடையில் வரும்பொழுது ஒரு பல்லே. அகரமும் இடையில் வரும்பொழுது ஒரு பல்லே. அப்படியாயின் இரண்டனையும் எங்ஙனம் பிரித்தறிவது? நகரத்தின் பின் உயிர் வருமாயின் அப்பல்லின் இடப்புறத்தே ஒரு புள்ளி இடுவர். பின்வருவது மெய்யாயின் புள்ளி இல்லை. சொல்லின் ஈற்றில் நகரம் வால்போல நீளும். ஆங்கும் புள்ளி இல்லை. ‘மனன்’ என்பது அவர் மொழியில் மூடுபனியைக் குறிக்குஞ் சொல். மகரத்தின் பின்னர் மூன்று பற்களும் ஒரு வாலும் அதில் உள. முதற்பல் அகரம், நடுப்பல் நகரம், உயிர் தொடர்தலின் புள்ளி பெற்றது, மூன்றாம் பல் மீண்டும் அகரம், வால் ஈற்று நகரம். ஒரே சொல்லில் ஒரே எழுத்து இருமுறை வந்தும், ஒன்று புள்ளியுடன் பல்லாகவும் மற்றொன்று புள்ளியின்றி வாலாகவும் நிற்றல் காண்க. ‘இங்கே’ என்னும் பொருளில் வரும் ‘எந்தெ’ என்னுஞ் சொல்லிலோ, பின்வருவது மெய்யாகலின் நகரம் புள்ளியற்ற பல்.

செங்கிஸ்கானுக்கு அணித்தான காலத்து ஏடுகளில் இப்புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. பாரசீகத்தை ஆண்ட அர்குன் என்னும் மங்கோலிய மன்னன் 1289-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்புக்கு இவ்வெழுத்தில் வரைந்த திருமுகம் பாரிஸ் நகரத்து ஆவணக் களரியில் இன்றும் உளது. அத்தகைய பழைய ஏடுகளைப் படிப்போர், மூன்று பற்கள் தொடர்ந்து வரின் எது உயிர், எது மெய் என்பதைச் சொல்லறிவால் தெளிதல் வேண்டும். தமிழ் மாணவர்க்கு இது விளங்காத செய்தியன்று. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியே இருந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் மயங்கி நின்றன. வீரமாமுனிவர் அவற்றின் வரிவடிவை வேறுபடுத்திய பின்னரே மயக்கம் நீங்கிற்று. பழஞ்சுவடி பதிப்பித்த பெரியோர் பட்ட பாட்டை அறிந்தவர், புள்ளியற்ற மங்கோலிய ஏட்டின் முன் அமர்ந்திருப்போர்பால் இரக்கங் கொள்வர்.

கையால் எழுதும் காலத்தில் இம்மயக்கங்கள் கற்றோர் அறிவால் தீர்ந்தன. கணிப்பொறிக்கோ சொல்லறிவு இல்லை. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. உலகத்து எழுத்துக்கள் அனைத்திற்கும் தனித்தனி எண் வகுப்பது யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறி. நம் ‘ந’ அதில் 2984, ‘ன’ 2985. இவ்விரண்டும் ஒலியால் இன்று பெரும்பாலோர் நாவில் ஒன்றாகிவிட்டன. வருமிடமும் பெரும்பாலும் வேறு வேறு. அங்ஙனமாயின் ஓர் எண் போதாதோ எனலாம். போதாது. ‘முந்நாள்’ என்றால் மூன்று நாள். ‘முன்னாள்’ என்றால் கழிந்த நாள். வரிவடிவு ஒன்றே இங்கே பொருளைக் காக்கின்றது. நம் இலக்கணமும் இரண்டனையும் இரண்டு எழுத்தாகவே எண்ணிற்று. ஒருங்குறியும் அவ்வாறே கொண்டது.

மங்கோலிய எழுத்துக்கு எண் வகுக்கும் முயற்சி 1990-களில் நிகழ்ந்தது. சீனமும் மங்கோலியாவும் அதிற் கலந்துகொண்டன. அவ்வெழுத்துக்கள் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் மூன்றாம் பதிப்பில் இடம் பெற்றன. அறிஞர் முன் இரு வழிகள் இருந்தன. பல்லுக்கு ஓர் எண், வாலுக்கு ஓர் எண், வயிற்றுக்கு ஓர் எண் என வரிவடிவுக்கு எண் தருதல் ஒன்று. நகரம், அகரம், மகரம் என ஒலிவடிவுக்கு எண் தருதல் மற்றொன்று. அவர்கள் கொண்டது இரண்டாவது வழி. நகரத்திற்கு 6184 என்னும் ஒரே எண் கிடைத்தது. மஞ்சு மொழியின் நகரமும் இவ்வெண்ணையே பகிர்ந்து கொள்கின்றது. மூடுபனியைக் குறிக்கும் ‘மனன்’, பொறியினுள் 6190, 6176, 6184, 6176, 6184 என ஐந்து எண்களாய் நிற்கும். 6184 இருமுறை வருகின்றது. முதலதற்குப் புள்ளியிட்ட பல்லும், இரண்டாவதற்கு வாலும் காட்டுதல் எழுத்துருவின் கடமை. எழுத்துரு என்பது வடிவங்களையும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையும் உள்ளடக்கிய தொகுதி. முன்னும் பின்னும் நிற்கும் எண்களைப் பார்த்து, இங்கே உயிர் தொடர்கின்றது, இங்கே சொல் முடிகின்றது என்று அது தெளிந்து வடிவந் தரும்.

இம்மட்டும் யாவும் செவ்வனே நடப்பதாகத் தோன்றும். தொல்லை தொடங்குவது அரசனிடத்தும் சுவரிடத்தும்.

நாம் கான் என வழங்கும் பட்டப்பெயர் அவர்தம் எழுத்தில் ‘கன்’ என நிற்கும். ஈற்று நகரம் வால், புள்ளி இல்லை. அவர்களுடைய வட்டக் கூடாரத்தைச் சுற்றி மரச்சட்டங்களைப் பின்னலாக இணைத்து நிறுத்தும் சுவருக்கு ‘கன’ என்று பெயர். இங்கே நகரத்தின்மேல் அகரம் வருகின்றது. ஆயின் அது நகரத்தோடு ஒட்டுவதில்லை. மங்கோலிய எழுத்து மரபில், சில மெய்களின் பின் ஈற்றில் வரும் அகர எகரங்கள் சற்றே விலகி, தனியே ஒரு வளைவாக நிற்கும். அப்போது நகரம் ஈற்றெழுத்துப் போலவே வால் நீட்டும். எனினும் உயிர் தொடர்தலின் புள்ளியும் பெறும். வாலும் புள்ளியும் ஒருங்கே பெறுவது இவ்விடத்துத்தான். இனி ‘அரசனுடைய’ என்று சொல்ல வேண்டின் ‘கன்’ என்பதனோடு உகரத்தை வேற்றுமையுருபாகச் சேர்ப்பர். அவ்வுருபும் சிறிய இடைவெளி விட்டே எழுதப்பெறும். பின்வருவது உயிராயினும், உருபு வேறு நிலையாதலின், இங்கே நகரத்துக்குப் புள்ளி இல்லை!

ஆகவே கன், கன, கனு என்னும் மூன்றிலும் நகரத்தின் எண் ஒன்றே. முதலாவதன் பின் ஒன்றும் இல்லை. மற்றிரண்டன் பின்னும் இடைவெளியும் உயிரும் உள. ஒன்றிற்குப் புள்ளி உண்டு; ஒன்றிற்கு இல்லை. கண்ணுக்கு இரு இடைவெளிகளும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கு அவை வேறு எனக் காட்டல் வேண்டும். இதன்பொருட்டு, கண்ணுக்குப் புலப்படாத இரு குறிகளைப் பயன்படுத்தினர். சுவரின் அகரத்தைப் பிரிப்பதற்கு உயிர் பிரிக்குங் குறி. அதன் எண் 6158. வேற்றுமையுருபைப் பிரிப்பதற்கு முறியாத ஒடுங்கிய இடைவெளி. அதன் எண் 8239. சுவர் என்பது 6188, 6176, 6184, 6158, 6176 என்றாகும். அரசனுடைய என்பது 6188, 6176, 6184, 8239, 6180 என்றாகும். ஒலியும் இன்றி வரியும் இன்றி ஓர் எழுத்தின் தலைவிதியை உறுதி செய்யும் இக்குறிகளை எவ்வகையிற் சேர்ப்பது என்று யாம் நெடிது எண்ணினோம். நம் இலக்கணத்தில் இவற்றுக்கு ஒப்பான ஒன்றை இன்னும் கண்டிலேம்.

இக்குறிகள் இரண்டும் தொல்லைக்கு உள்ளாயின. 8239 மங்கோலியர்க்கென்றே அமைந்ததன்று. பிற மொழிகளின் அச்சு வேலையிலும் அஃது ஆளப்படுவது. ஆதலின் பல செயலிகள் அதனை வெறும் இடைவெளியென மதித்து, ‘அரசனுடைய’ என்னும் ஒரு சொல்லை இரண்டாக முறித்தன. உயிர் பிரிக்குங் குறியும் சில காலம் இடைவெளிகளின் வகையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டில் வந்த 6.3 என்னும் பதிப்பிலேதான் அதனை அவ்வகையினின்று நீக்கி, வடிவமைக்குங் குறிகளுள் வைத்தனர். இப்பொழுது உருபைப் பிரிக்கும் வேலையையும் இவ்வுயிர் பிரிக்குங் குறியினிடமே ஒப்படைக்கும் முறை மேற்கொள்ளப்பட்டு வருகின்றது. அங்ஙனம் செய்யின், வருவது தனித்த அகரமா, வேற்றுமையுருபா என்பதைப் பின்வரும் எழுத்துக்களைக் கொண்டே எழுத்துரு தெளிதல் வேண்டும். ஒரு சுமையை இறக்கி மற்றொரு சுமையை ஏற்றுவது போன்றது இது என்பது எம் கருத்து. எனினும் சொல் முறிதலினும் இது நன்று.

விதிக்கு அடங்காத இடங்களும் உள. புள்ளியிடாத பழைய ஏட்டை உள்ளவாறே பெயர்த்தெழுத விரும்புவோர், உயிர் தொடர்ந்தாலும் புள்ளியற்ற நகரத்தையே காட்ட வேண்டுவர். அவர்க்கென வடிவந் தெரிக்குங் குறிகள் மூன்று வகுக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டில் நான்காவதும் சேர்ந்தது. எழுத்தின் பின் இவற்றுள் ஒன்றை இட்டால், ‘விதிப்படி வரும் வடிவு வேண்டா, மற்றது வருக’ என்பது பொருள். ஆனால் எக்குறிக்கு எவ்வடிவு என்பது தொடக்கத்தில் ஐயமற வரையறுக்கப்படவில்லை. எழுத்துரு செய்தோர் தத்தமக்குத் தோன்றியவாறு செய்தனர். ஓர் எழுத்துருவிற் பிழையின்றித் தோன்றிய பக்கம் மற்றோர் எழுத்துருவிற் பிழைபட்டது. எழுதியவர் அவ்வெழுத்துருவுக்கு ஏற்பக் குறிகளைப் பெய்து திருத்தினார்; திருத்திய பக்கம் முன்னையதிற் பிழைபட்டது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எண் ஒலிக்கு உரியது. எழுதுவோர் கண் காண்பதோ வடிவு. இடையில் வரும் புள்ளியற்ற நகரமும் அகரமும் ஒரு பல்லே ஆகலின், ஒன்றற்கு மற்றொன்றைத் தட்டினும் திரையில் வேறுபாடு தோன்றாது. ஒகரமும் உகரமும் இவ்வாறே வடிவொத்தவை. தகரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் பல இடங்களில் அவ்வாறே. ‘ஒர்து’ என்றால் அரண்மனை. ‘உர்து’ என்றால் நீண்ட என்று பொருள். எழுதினால் இரண்டும் ஒரே வடிவு. ஏட்டிற் படிப்பவர்க்கு இடம் நோக்கிப் பொருள் விளங்கும். பொறியிலோ இருவர் தட்டிய அரண்மனைகள் கண்ணுக்கு ஒன்றாய், எண்ணால் வெவ்வேறாய் நிற்கும். ஒருவர் எழுதி வைத்ததை மற்றொருவர் தேடினால் ‘அத்தகைய சொல் இல்லை’ என்று பொறி விடையளிக்கும். சொல் அவர் கண் முன்னரே இருக்கும்!

இதுபற்றியே ஒரு சாரார், ஒலியை விட்டு வரிவடிவுக்கே எண் தந்திருக்கலாம் என்கின்றனர். உள்மங்கோலியாவில் முன்னர்ப் பரவியிருந்த தனி எழுத்துருக்கள் அம்முறையில் அமைந்தவையே. தமிழிலும் ஒருங்குறி பரவுமுன் எழுத்துருவுக்கு ஒரு முறையாகப் பல இருந்ததை முதியோர் அறிவர். வரிவடிவுக்கு எண் தந்தால் திரையில் ஒன்றாய்த் தோன்றுவன உள்ளும் ஒன்றாயிருக்கும், தேடுதல் எளிதாம். ஆனால் அரண்மனையும் நீளமும் பொறியினுள்ளும் ஒன்றாகிவிடும்; சொல்லை வாய்விட்டுப் படிக்குமாறு பொறிக்குக் கற்பிப்பதும், சிரில் எழுத்துக்கு மாற்றுவதும் கடினமாம். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உளது. எமக்கு எது உடன்பாடு என்று கேட்பின், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலியெண்ணில் எழுதிக் குவித்தவற்றை இனி மாற்றுதல் அரிது என்பதால், விதிகளைச் செப்பஞ்செய்து எல்லா எழுத்துருக்களும் அவற்றுக்கு அடங்குமாறு செய்தலே தக்கது என்போம்.

இஃது அறிஞர் மன்றத்து வழக்கு மட்டும் அன்று. மங்கோலியாவில் 1941-ஆம் ஆண்டில் சிரில் எழுத்தை மேற்கொள்ள முடிவு செய்து, 1946 முதல் அதனையே நாடெங்கும் வழங்கினர். பழைய எழுத்து அங்கே முதியோர் கையளவில் ஒடுங்கிற்று. சீன ஆட்சிக்குட்பட்ட உள்மங்கோலியாவில் மட்டும் அது தொடர்ந்து வழங்கியது. 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மங்கோலிய மொழிச் சட்டம், 2025 ஜனவரி முதல் நாள் தொட்டு அரசாங்க ஆவணங்கள் இரண்டு எழுத்திலும் அமைய வேண்டும் என விதித்தது. பிறப்புப் பத்திரமும் நிலப் பத்திரமும் அலுவலகக் கடிதமும் இன்று பொறியிலன்றி ஆவதில்லை. ஒரு குடியானவன் தன் பெயரைத் தேடும்பொழுது, அவன் தந்தை காலத்து எழுத்தர் ஒகரத்துக்கு உகரத்தைத் தட்டியிருந்தால் அவன் பெயர் கிடையாது. சிரில் எழுத்தில் இத்தொல்லை இல்லை என்று இளைஞர் கூறத் தொடங்கின், சட்டம் மீட்டுத் தந்ததைச் சலிப்புப் பறித்துக் கொள்ளும்.

மேலிருந்து கீழாகச் செல்லும் வரியைப் பற்றியும் கூறுவதாகச் சொன்னோம். கணிப்பொறியின் செயலிகளுள் மிகப்பல, வரி என்றால் கிடையாக ஓடுவது என்றே எண்ணி அமைக்கப்பட்டவை. நெடுவரி அறிந்த சிலவும் சீன சப்பானிய முறைப்படி வலத்திலிருந்து தொடங்குவன. இடத்திலிருந்து தொடங்கும் நெடுவரி மங்கோலியர்க்கும் அவர்தம் எழுத்தைப் பின்பற்றிய மஞ்சு முதலியோர்க்குமே உரியதாகலின், அதனைக் கவனிப்பார் குறைவு. செயலி அறியாதவிடத்து எழுத்துக்கள் யாவும் இடப்பக்கம் சாய்ந்து படுத்துக் கிடக்கும்.

இதனை யாமே நேரிற் கண்டோம். கன், கன, கனு என்னும் மூன்றையும் மங்கோலிய எழுத்திலேயே இம்மலரில் அச்சிட விரும்பி, விடுதி அறையில் இருந்த பொறியில் எண்களை முறைப்படி தட்டினோம். அங்கே சுவரின் நகரம் வாலும் புள்ளியுமாய் நேரே நின்றது. எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. அதனை மலர்க் குழுவினரிடம் அனுப்ப, அவர்கள் அச்சுக்கு அனுப்ப, திரும்பி வந்த மெய்ப்பில் மூன்று சொற்களும் படுத்திருந்தன. அன்றியும், சுவர் புள்ளியை இழந்திருந்தது. அதன் அகரம் அடுத்த வரிக்குச் சென்றிருந்தது. இருமுறை திருத்தி அனுப்பியும் பயனில்லை. அச்சிடும் நாள் நெருங்கியமையின் அம்மூன்று சொற்களையும் நீக்கிவிட்டோம். இக்கட்டுரையில் மங்கோலிய எழுத்து ஒன்றேனும் காணப்படாமைக்கு இதுவே காரணம். காண விரும்பும் நண்பர் எம் விடுதி அறைக்கு வரின், அப்பொறியிலேயே காட்டுவோம்.